வீட்டில் வலையமைப்பு ஆய்வுகூடம்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் உயர் தொழினுட்பவியல் நிறுவகங்களில் டிப்ளோமா பயில்பவர்கள், உயர்தரத்துக்குப் பின்னர் சிசிடிவி கமரா பொருத்தும் வேலையில் இருந்துகொண்டே அடுத்த படிக்குச் செல்ல விரும்புபவர்கள் ஆகியோர் வலையமைப்புச் சான்றிதழ்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கொழும்பில் இருப்பவருக்குச் சொல்லும் ஆலோசனை கடற்கரையோரம் வீடு உள்ளவருக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே இடத்தைப் பொறுத்து மாறும் விடயங்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

புத்தகமும் காணொளியும் போதாதா? ஆய்வுகூடம் எதற்கு?

போதாது. வலையமைப்பு உபகரணங்கள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படைச் சான்றிதழான சிசிஎன்ஏ (CCNA) பரீட்சையின் பாடத்திட்டத்தை ஒருமுறை வாசித்தாலே காரணம் விளங்கும். 2020 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்து 2024 ஓகஸ்டில் 1.1 பதிப்பாகத் திருத்தப்பட்ட 200-301 இலக்கப் பரீட்சையில் வலையமைப்பு அடிப்படைகளுக்கு 20 வீதமும், வலையமைப்பு அணுகலுக்கு 20 வீதமும், ஐபி இணைப்புக்கு 25 வீதமும், ஐபி சேவைகளுக்கு 10 வீதமும், பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15 வீதமும், தன்னியக்கத்துக்கு 10 வீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றில் பல தலைப்புகள் விளக்கம் கேட்பதோடு நிற்காமல், கட்டமைத்துச் சரிபார்த்துக் காட்டுமாறு கோருகின்றன. பரீட்சைத் திரையிலேயே கட்டளைகளை இட்டு வேலை செய்ய வேண்டிய வினாக்களும் உண்டு. ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிச் சென்று திருத்தவும் முடியாது. 120 நிமிடங்களுக்குள் இதைச் செய்வதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு கட்டளையை இடுவதற்கு முன்னர், அதனால் என்ன நடக்கும் என்று ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். பின்னர் கட்டளையை இட்டு, நடந்ததை அதற்குக் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நீங்கள் உண்மையில் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. எந்த உபகரணம் வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் இந்தக் கொப்பியைப் பற்றித்தான் சொல்வேன். ஏனெனில் இது இல்லாத ஆய்வுகூடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்விச் (ஒரே வலையமைப்பில் உள்ள சாதனங்களை இணைக்கும் பெட்டி) இருந்தாலும், காணொளியில் பார்த்ததைத் திருப்பித் தட்டச்சுச் செய்யும் பயிற்சி மட்டுமே நடக்கும்.

எந்தச் சான்றிதழில் தொடங்குவது?

கணினித் துறையில் முன்னனுபவம் எதுவும் இல்லாதவர் கொம்ப்டியா என்ற சான்றிதழ் அமைப்பின் நெட்வேர்க் பிளஸ் பாடத்திட்டத்தை வாசித்துத் தொடங்கலாம். 2024 ஜூனில் வெளியான என்10-009 பதிப்பு எந்த ஒரு கம்பனியின் உபகரணத்தையும் சாராமல் அடிப்படைகளைக் கற்பிக்கிறது. ஆயினும் இரண்டு பரீட்சைகளுக்கும் பணம் கட்டும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. ஒன்றை மட்டுமே எழுத முடியுமென்றால் சிசிஎன்ஏ எழுதுங்கள் என்பதே எனது கருத்து. வளைகுடா நாடுகளிலும் கொழும்பிலும் வேலை விளம்பரங்களில் அதிகம் காணப்படும் பெயர் அதுதான்.

மைக்ரோட்டிக் என்ற உபகரணக் கம்பனியின் எம்டிசிஎன்ஏ (MTCNA) சான்றிதழும் கவனத்துக்குரியது. குறைந்த விலை காரணமாக ஹோட்டல்களிலும் சிறிய அலுவலகங்களிலும் மைக்ரோட்டிக் ரவுட்டர்கள் (வெவ்வேறு வலையமைப்புகளை இணைக்கும் பெட்டிகள்) நிறையப் புழங்குகின்றன. ஆனால் அந்தப் பரீட்சையைத் தனியாகப் படித்து எழுத முடியாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரின் வகுப்பில் கலந்துகொண்ட பின்னரே எழுதலாம்.

மொத்தமாக எவ்வளவு செலவாகும்?

சிசிஎன்ஏ பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டொலர். வரி தனி. டொலரின் பெறுமதி 300 ரூபாயை ஒட்டி இருக்கும்போது இது ஏறத்தாழ 90,000 ரூபாய். ஆய்வுகூடத்துக்கு ஒரு சதமும் செலவழிக்காமலே படித்து முடிக்க முடியும் என்பதால், கையில் உள்ள பணத்தை முதலில் பரீட்சைக் கட்டணத்துக்கு ஒதுக்கி வையுங்கள். மிஞ்சினால் உபகரணம் வாங்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அலுமாரி நிறைய ஸ்விச் இருக்கும், பரீட்சை எழுதக் காசு இருக்காது.

என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிகணினி மட்டுமே இருக்கிறது. முடியுமா?

தாராளமாக முடியும். சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியில் இலவசமாகக் கணக்குத் திறந்தால் கணினித் திரையிலேயே வலையமைப்பைப் பாவனையாக அமைக்க உதவும் பாக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருளைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அது அந்த மடிகணினியில் ஓடும். விலான் (ஒரே ஸ்விச்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரித்தல்), ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு), நிலையான வழிகள் (கையால் இடும் வழிகள்), ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தாமே வழிகளைப் பரிமாறும் நெறிமுறை), டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்குதல்), நாட் (முகவரி மாற்றம்), அணுகல் பட்டியல்கள் (எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்ற விதிகள்), கம்பியில்லா வலையமைப்பு என சிசிஎன்ஏ பாடத்திட்டத்தின் பெரும்பகுதியை அதிலேயே செய்து பழகலாம். அதிலுள்ள சிமுலேஷன் முறை எந்த உண்மையான உபகரணத்திலும் கிடைக்காத வசதி. ஒரு பொதி (தரவுத் துண்டு) கணினியிலிருந்து புறப்பட்டு ஸ்விச்சை அடைவதையும், அங்கே அதை அனுப்பிய கணினியின் மாக் முகவரி (வன்பொருள் முகவரி) அட்டவணையில் பதியப்படுவதையும், ரவுட்டரில் அதன் மேலுறை கழற்றப்பட்டு வேறு மேலுறை இடப்படுவதையும் ஒவ்வொரு படியாக நிறுத்திப் பார்க்கலாம்.

அதன் குறை, அது உண்மையான இயங்குதளம் அன்று என்பதே. சில கட்டளைகள் அதில் இல்லை. சில கட்டளைகளின் வெளியீடு உண்மையானதிலிருந்து வேறுபடும். தொடக்கத்தில் இது ஒரு பொருட்டல்ல.

ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோ மொடலிங் லாப்ஸ் ஆகியவற்றில் எது நல்லது?

மூன்றும் உண்மையான இயங்குதளங்களை மெய்நிகராக ஓட்டுவதற்கான தளங்கள். ஜிஎன்எஸ்3 திறந்த மூல மென்பொருள். ஈவ்-என்ஜிக்கு இலவசச் சமூகப் பதிப்பு உண்டு. இவ்விரண்டும் வெறும் மேடையை மட்டுமே தருகின்றன. அதில் ஓட்ட வேண்டிய சிஸ்கோ இயங்குதளக் கோப்புகளை நீங்களே கொண்டுவர வேண்டும். அவை உரிமத்துக்கு உட்பட்டவை. டெலிகிராம் குழுக்களிலும் பெயர் தெரியாத தளங்களிலும் கிடைக்கும் கோப்புகளைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு முரணானது என்பதோடு, அவற்றினுள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. பாதுகாப்பைப் படிக்கப் போகும் ஒருவர் தன் கணினிக்குள் இப்படி ஒன்றை அனுமதிப்பது முறையாகாது.

நேர்மையான வழிகள் உண்டு. சிஸ்கோ மொடலிங் லாப்ஸின் இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் 5 சாதனங்கள் வரை ஓட்டலாம், இயங்குதளக் கோப்புகளும் சேர்ந்தே வருகின்றன. மூன்று ரவுட்டர்களும் இரண்டு ஸ்விச்சுகளும் இருந்தாலே சிசிஎன்ஏக்கான பெரும்பாலான பயிற்சிகளைச் செய்துவிடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஜிஎன்எஸ்3இல் எஃப்ஆர்ரூட்டிங் போன்ற திறந்த மூல வழிப்படுத்தல் மென்பொருளை ஓட்டலாம். மைக்ரோட்டிக்கின் மெய்நிகர் ரவுட்டரையும் இலவசமாக ஓட்டலாம். அதன் இலவச உரிமத்தில் ஓர் இணைமுகத்துக்கு 1 எம்பிபிஎஸ் என்ற வேக வரம்பு உண்டு, ஆனால் வழிப்படுத்தலைப் படிக்க அது தடையில்லை.

இவற்றுக்கு 16 ஜிபி ரேம் இருப்பது நல்லது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதியை இயக்கியிருக்கவும் வேண்டும். மென்பொருள் தொடங்க மறுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பழைய சிஸ்கோ ஸ்விச், ரவுட்டர் வாங்கலாமா? வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டாயமில்லை, ஆனால் ஓரிரண்டு உண்மையான சாதனங்கள் வீட்டில் இருப்பதால் வரும் துணிச்சல் தனி. சாதனத்துக்கு நேரடியாகக் கட்டளை இட உதவும் கொன்சோல் கேபிளைச் செருகி, 9600 வேகத்தில் புட்டி என்ற முனைய மென்பொருளைத் திறந்து, சாதனம் உயிர்பெற்று வரிவரியாகப் பேசுவதை ஒருமுறை கண்டவருக்கு வேலைத்தளத்தில் கை நடுங்காது. இப்போதைய மடிகணினிகளில் பழைய சீரியல் துளை இல்லாததால் யுஎஸ்பி கொன்சோல் கேபிள் ஒன்று அவசியம்.

ஸ்விச் என்றால் கற்றலிஸ்ட் 2960 வரிசை போதும். அதன் மாதிரி இலக்கத்தின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘எல்’ என்று முடிந்தால் வசதிகள் கூடிய லான் பேஸ் மென்பொருள், ‘எஸ்’ என்று முடிந்தால் வசதிகள் குறைந்த லான் லைட். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு விளம்பரப்படுத்தப்படுவதுண்டு. எட்டுத் துளைகள் கொண்ட சிறிய 2960இல் மின்விசிறி இல்லை. சின்ன வீட்டில் இரவில் படிப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ரவுட்டர் வாங்குவதானால் 1841ஐ விட 1941 அல்லது 2901 நல்லது. அடுக்கி வைக்கும் இரும்பு ராக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம், ஒரு மேசை போதும்.

பம்பலப்பிட்டியில் உள்ள கடைகளிலோ இணைய விளம்பரங்களிலோ வாங்குவதானால், மின்னூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லாத் துளைகளிலும் கேபிளைச் செருகி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சாதனத்தின் மாதிரியையும் மென்பொருள் பதிப்பையும் காட்டும் ‘ஷோ வேர்ஷன்’ கட்டளையின் வெளியீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இவற்றைச் செய்ய மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள், மட்டக்களப்பு வரை வந்த பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

பழைய சாதனம் பெரும்பாலும் முந்திய உரிமையாளரின் கடவுச்சொல்லோடுதான் வரும். அதைக் குறையாக எண்ண வேண்டாம், கிடைத்த முதல் பயிற்சியாகக் கொள்ளுங்கள். 2960 ஸ்விச்சில் முன்பக்கம் உள்ள மோட் பொத்தானை அழுத்தியபடி மின்னூட்டினால் அது முழுமையாகத் தொடங்காமல் நிற்கும். அங்கே ஃபிளாஷ் நினைவகத்தைத் திறந்து, கட்டமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் தொடங்கினால் வெறுமையான ஸ்விச் கிடைக்கும். ரவுட்டரில் தொடக்கத்தின்போது பிரேக் விசையால் இடைமறித்து, கட்டமைப்புப் பதிவகத்தை 0x2142 ஆக மாற்றி மீளத் தொடங்க வேண்டும், வேலை முடிந்ததும் அதை 0x2102க்குத் திருப்ப வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் நீங்கள் சேமித்த கட்டமைப்பை ரவுட்டர் வாசிக்காமல் விட்டுவிடும். பின்னர் விலான் கோப்பையும் அழித்துவிடுங்கள். உள்ளே ஏதாவது ஓர் அலுவலகத்தின் கடவுச்சொற்களோ முகவரிகளோ எஞ்சியிருந்தால் அவற்றைப் பிரதி எடுக்காமல் அழிப்பது ஒழுக்கம்.

கேபிள் அடிக்கப் பழக வேண்டுமா?

பழக வேண்டும். கிரிம்பிங் டூலும் ஒரு டெஸ்டரும் நூறு ஆர்ஜே-45 கனெக்டர்களும் வாங்கினால் நீண்ட காலம் போதும். கம்பிகளின் நிற ஒழுங்கான டி568பியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பாடமாக்குங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்கள் செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பி கொண்டவை. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அவற்றைத் தவிர்த்து முழுச் செம்புக் கேபிளையே வாங்குங்கள். கமராவுக்குக் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் இடங்களில் இந்த வேறுபாடு உடனடியாகத் தெரிய வரும்.

உப்புக்காற்று, மழை, இடிமின்னல், மின்வெட்டு ஆகியவற்றிலிருந்து சாதனங்களை எப்படிக் காப்பது?

கல்லடியிலிருந்து காத்தான்குடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று வரை நமது ஊர்களில் பெரும்பாலானவை கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் இடையில்தான் இருக்கின்றன. உப்பும் ஈரப்பதனும் சேர்ந்து கனெக்டர்களின் செப்பு முனைகளில் பச்சைப் படிவை உண்டாக்கும். பயன்படுத்தாத சாதனத்தைச் சிலிக்கா ஜெல் பொதியுடன் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், அல்லது வாரத்தில் ஓரிரு முறை சில மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே பிறக்கும் வெப்பமே ஈரத்தை விரட்டும். பயன்படுத்தாத துளைகளையும் காற்றுத் துவாரங்களையும் கவனியுங்கள். சூடான ஸ்விச்சுக்குள் பல்லியும் எறும்பும் குடியேறுவது நமது பகுதியில் சாதாரணமாக நடக்கும் விடயம், மின்வழங்கிப் பலகையில் நசுங்கிய ஒரு பல்லி முழுச் சாதனத்தையும் கொன்றுவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசும் வெப்பமும் எதிரிகள். சாதனத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்புறம் காற்றோட இடம் விடுங்கள். மாரிகாலத்தில் வெள்ளம் ஏறும் வீடுகளில் எதையும் தரையில் வைக்கக்கூடாது.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி இடிக்கத் தொடங்கியதும் ஆளியை மட்டும் நிறுத்திவிட்டுப் போவது பாதுகாப்பாகாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் அதன் பெட்டிக்கு மின்சாரம் தரும் அடாப்டர் கடத்தும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியில் இழுத்த செப்புக் கேபிள் இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். முன்வீட்டிலிருந்து பின்வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பதாயின் ஃபைபரோ கம்பியில்லா இணைப்போ பயன்படுத்துவதே சரி.

2022இல் நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். சிறிய 650 விஏ யுபிஎஸ் ஒன்று ரவுட்டரையும் ஒரு ஸ்விச்சையும் கொஞ்ச நேரம் தாங்கும், ஆய்வுகூடம் முழுவதையும் அதில் மாட்டாதீர்கள். வேலையைச் சேமிக்கும் பழக்கம் யுபிஎஸ்ஸை விட நம்பகமானது.

மின்கட்டணம் கூடுமா?

மூன்று ஸ்விச்சுகளும் இரண்டு ரவுட்டர்களும் சேர்ந்து 200 வாட் எடுக்கின்றன எனக் கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் மாதத்தில் 18 அலகு. வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் அறவிடப்படுவதால், உங்கள் வீடு ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் இருந்தால் இந்த 18 அலகே அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். கடந்த மாதச் சிட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், வீட்டில் கட்டணம் கட்டுபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

உபவலையமைப்புக் கணக்கு எனக்கு ஏறவே இல்லை. என்ன செய்வது?

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு ஓர் இடத்தை மனதில் வையுங்கள். பாசிக்குடாவில் ஒரு சிறிய ஹோட்டல். விருந்தினருக்கு 100 சாதனங்கள், ஊழியருக்கு 50, கமராக்கள் 25, நிர்வாகத்துக்கு 10, இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் இணைப்புக்கு 2 முகவரிகள். உங்களிடம் 192.168.10.0/24 என்ற, 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி மட்டுமே இருக்கிறது. அதை ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டாகப் பிரிப்பதே உபவலையமைப்புக் கணக்கு.

பெரியதிலிருந்து தொடங்குங்கள். 100ஐக் கொள்ளும் இரண்டின் அடுக்கு 128. அது /25, முகமூடி 255.255.255.128 (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியின் 32 பிட்களில் எத்தனை வலையமைப்பைக் குறிக்கின்றன என்பது; அதையே வேறு விதமாக எழுதுவது முகமூடி). ஆகவே விருந்தினருக்கு 192.168.10.0 முதல் 127 வரை. முதல் முகவரி வலையமைப்பின் பெயராகவும் கடைசி முகவரி எல்லோருக்குமான அறிவிப்பு முகவரியாகவும் போய்விடுவதால் பயன்படுத்தக்கூடியவை 126. அடுத்து 50க்கு 64, அதாவது /26: 128 முதல் 191 வரை, பயன்படுவன 62. கமராக்களுக்கு 32, அதாவது /27: 192 முதல் 223 வரை, பயன்படுவன 30. நிர்வாகத்துக்கு 16, அதாவது /28: 224 முதல் 239 வரை, பயன்படுவன 14. ரவுட்டர் இணைப்புக்கு 4, அதாவது /30: 240 முதல் 243 வரை, பயன்படுவன 2. மீதம் 244 முதல் 255 வரையான 12 முகவரிகள். சிறியதிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு துண்டும் தன் அளவின் மடங்கிலேயே தொடங்க வேண்டும் என்ற விதியால் இடையிடையே முகவரிகள் வீணாகக் கிடக்கும்.

இப்போது எதிர்த்திசையில் கேளுங்கள்: 192.168.10.200/27 என்ற முகவரி யாருடையது? 200, 192க்கும் 223க்கும் இடையில் இருப்பதால் அது ஒரு கமரா. அதே கமராவுக்குத் தவறுதலாக /28 இட்டால் அது தன் உலகம் 192 முதல் 207 வரை மட்டுமே என்று நம்பும். 210இல் உள்ள பதிவுப் பெட்டியுடன் பேச நேராகப் போகாமல் வலையமைப்பை விட்டு வெளியேறும் வழியான வாயில் முகவரியைத் தேடும். இந்தத் தவறை பாக்கெட் ட்ரேசரில் வேண்டுமென்றே செய்து, பொதி எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். கணக்கு மறக்காது.

நடைமுறையில் அந்த ஹோட்டலை நான் இப்படி இறுக்கமாகப் பிரிக்க மாட்டேன். ஒரு விருந்தினர் இரண்டு மூன்று சாதனங்களோடு வருவார், கமராக்களும் வருடத்துக்கு வருடம் கூடும். 10 என்று தொடங்கும் தனியார் முகவரிப் பரப்பு மிகப் பெரியது, அதில் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இறுக்கமான கணக்கு பரீட்சைக்கு உரியது.

எந்தப் பயிற்சிகளை எந்த ஒழுங்கில் செய்வது?

கொன்சோல், எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான தொலை அணுகல், விலானும் ட்ரங்கும், விலான்களுக்கு இடையிலான வழிப்படுத்தல், நிலையான வழிகள், ஓஎஸ்பிஎஃப், பின்னர் டிஎச்சிபி, நாட், அணுகல் பட்டியல்கள், இறுதியில் கம்பியில்லா வலையமைப்பும் தன்னியக்கமும். புதிய முகவரி முறையான ஐபிவி6ஐ ஒரு தனி அத்தியாயமாகத் தள்ளிப் போடாமல் ஒவ்வொரு பயிற்சியிலும் ஐபிவி4உடன் சேர்த்தே செய்யுங்கள்.

ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மூன்று ஸ்விச்சுகளை முக்கோணமாக இணையுங்கள். வளையம் உருவாகிவிட்டதால், பொதிகள் முடிவின்றிச் சுற்றுவதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை ஒரு துளையை அடைத்தாக வேண்டும். எது அடைபடும் என்று முதலில் கொப்பியில் எழுதுங்கள். மூன்றுக்கும் இயல்பான முன்னுரிமை 32768, அதோடு விலான் இலக்கம் சேரும். ஆகவே முதலாம் விலானில் மூன்றும் 32769 என்று சமமாக நிற்கும். சமமானால் மிகச் சிறிய மாக் முகவரி கொண்ட ஸ்விச், மற்றவை வழி கணக்கிடும் மையமான வேர் ஸ்விச்சாகும். அது பெரும்பாலும் மூன்றிலும் பழையதாகவே இருக்கும். ஓர் அலுவலகத்தில் எவரும் எதையும் தீர்மானிக்காமல் விட்டால், மூலையில் கிடக்கும் மிகப் பழைய ஸ்விச்சைச் சுற்றியே முழு வலையமைப்பும் அமைந்துவிடுவது இதனால்தான்.

இப்போது ஒரு கணினியிலிருந்து மற்றதற்குத் தொடர்ச்சியாகப் பிங் (மறுமுனை விடை தருகிறதா என்று பார்க்கும் செய்தி) ஓட விட்டு, பயன்பாட்டில் உள்ள கேபிளைப் பிடுங்குங்கள். அடைபட்டிருந்த துளையின் செம்மஞ்சள் விளக்கு உடனே பச்சையாகாது. பழைய முறையில் கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி என 30 விநாடிகள் பிங் விடையின்றித் தவிக்கும். அறுந்த இணைப்பு அந்த ஸ்விச்சோடு நேரடியாகத் தொடர்புபடாத இடத்தில் இருந்தால் மேலும் 20 விநாடி கூடும். பின்னர் மூன்று ஸ்விச்சுகளையும் வேகமான ரபிட் முறைக்கு மாற்றி அதே கேபிளை மீண்டும் பிடுங்குங்கள். ஓரிரு பிங் மட்டுமே தவறும். கணினி இணைந்த துளையில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் கட்டளையை இடாவிட்டால், அந்த 30 விநாடிக்குள் கணினி டிஎச்சிபியைக் கேட்டுக் களைத்து 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொள்வதையும் காணலாம். பின்னொரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் அதே முகவரியைக் காட்டி முறையிடும்போது உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

நண்பர் ஒருவரோடு சேர்ந்து படிப்பது இன்னும் நல்லது. சரியாக ஓடும் பாக்கெட் ட்ரேசர் கோப்பில் அவர் மூன்று பிழைகளை ஒளித்து வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், நீங்கள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புங்கள். ட்ரங்கில் விலான் அடையாளம் இடாத பொதிகளுக்குரிய இயல்பு விலான் இரு பக்கமும் வேறுபடுவது, ஓஎஸ்பிஎஃப்பில் அயல் ரவுட்டருக்கு அறிமுகச் செய்தி அனுப்பும் ஹலோ நேரம் ஒரு பக்கம் மட்டும் மாறியிருப்பது, அணுகல் பட்டியலின் முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் மறுப்பு வரி ஆகியன தொடங்குவதற்கு ஏற்ற பிழைகள்.

வீட்டு இணையத்தோடு ஆய்வுகூடத்தை இணைக்கலாமா?

இணைக்கலாம், ஆனால் நடுவில் உங்கள் ரவுட்டர் ஒன்று இருக்க வேண்டும். ஆய்வுகூட ஸ்விச்சை வீட்டு ரவுட்டரில் நேரடியாகச் செருகினால், நீங்கள் பயிற்சிக்காக ஓட்டும் டிஎச்சிபி சேவையகம் வீட்டில் உள்ளவர்களின் தொலைபேசிகளுக்கும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். தங்கையின் இணையவழி வகுப்பு பாதியில் நின்றுவிடும். வீடு 192.168.1.0/24இல் இருந்தால் ஆய்வுகூடத்தை 10.10.0.0/16க்குள் வைத்து, இடையில் நாட் செய்யுங்கள்.

வெளியிலிருந்து வீட்டு ஆய்வுகூடத்தை அணுக விரும்புபவர்கள் முதலில் ரவுட்டரின் இணையப் பக்க முகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையான பரப்பில் இருந்தால், சேவை வழங்குநர் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். 4ஜி இணைப்புகளில் இது வழக்கம். அந்நிலையில் வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபோவர்டிங் செய்து பயனில்லை. வயர்கார்ட் போன்ற சுரங்க இணைப்பை உள்ளிருந்து வெளியே அமைப்பதே வழி.

தமிழ் மொழிமூலம் படித்தவர் இந்தப் பரீட்சையில் சித்தியடைய முடியுமா?

முடியும். பரீட்சை தமிழில் இல்லை என்பது உண்மை. ஆனால் அதில் வரும் ஆங்கிலம் குறுகிய சொற்தொகுதியைக் கொண்டது. கருத்தைத் தமிழில் விளங்கிக்கொண்டு, வினாவை ஆங்கிலத்தில் வாசித்துப் பழகுங்கள். ஆய்வுகூடக் கொப்பியில் முன்கணிப்பைத் தமிழில் எழுதலாம், ஆனால் சாதனம் திரையில் காட்டும் செய்திகளை ஆங்கிலத்திலேயே பிரதி செய்து, ஒவ்வொரு சொல்லும் எதைச் சொல்கிறது என்று குறிப்பெழுதுங்கள். சில மாதங்களில் வாசிப்பு வேகம் தானாகவே கூடும்.

டம்ப் எனப்படும் வினா-விடைத் தொகுப்புகளைப் படித்து எழுதலாமா?

கூடாது. அது நீங்கள் ஒப்பமிடும் பரீட்சை உடன்படிக்கையை மீறும் செயல், கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் இரத்தாகும். அதைவிட, அவ்வாறு சித்தியடைந்தவர் முதல் நேர்முகத் தேர்விலேயே அகப்பட்டுக்கொள்வார். வெள்ளைப் பலகையில் மூன்று ஸ்விச்சை வரைந்து எந்தத் துளை அடைபடும் என்று கேட்டால் போதும்.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாமா, கொழும்புக்குப் போக வேண்டுமா?

பரீட்சைகளை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் ஊடாக இரண்டு முறையிலும் எழுதலாம். வீட்டிலிருந்து எழுதுவதானால் கதவு மூடிய தனி அறை, வெறுமையான மேசை, கமரா, தடைப்படாத இணையம் ஆகியன வேண்டும். இடையில் எவரும் அறைக்குள் வரக்கூடாது, தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. மடிகணினியின் மின்கலம் முழு நேரமும் தாங்க வேண்டும், இணைய ரவுட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்க வேண்டும். கூட்டுக் குடும்பமாக இருக்கும் வீடு, கோயில் திருவிழாக் காலம், மாரிமழை என்று ஏதாவது குறுக்கிடக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு நான் கொழும்பையே பரிந்துரைப்பேன். இரவு பஸ்ஸில் போய் இறங்கிய கையோடு பரீட்சை மண்டபத்துக்குள் நுழையாமல், முதல் நாளே சென்று உறவினர் வீட்டில் தங்கி நன்றாகத் தூங்கிவிட்டு எழுதுங்கள்.

அடையாள ஆவணமாகக் கடவுச்சீட்டைக் கொண்டு செல்லுங்கள். பழைய தேசிய அடையாள அட்டையில் பெயர் ஆங்கில எழுத்தில் இல்லை. நம்மவர் பலரின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஓர் இடத்திலும் சொந்தப் பெயர் வேறோர் இடத்திலும் இருக்கும். பரீட்சைக் கணக்கைத் திறக்கும் நாளிலேயே கடவுச்சீட்டை அருகில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள அதே ஒழுங்கிலும் அதே எழுத்துக்கூட்டலிலும் பெயரைப் பதியுங்கள். வேறுபாடு இருந்தால் பரீட்சைக்கு முன்னரே திருத்தும்படி எழுதிக் கேட்க வேண்டும், அன்று வாசலில் வைத்துத் திருத்த மாட்டார்கள்.